எல்லைப் பிரச்சாரத்துக்குக் கேலி ஒரு பதிலாகுமா?

கிருஷ்ணகிரியில் அரசியல் அறிவியல் படிக்கும் ஒரு மாணவி எழுதிக் கேட்டது: "ஒரு நிலம் தனக்கே உரியது என்று ஓர் அரசு செய்யும் பிரச்சாரத்துக்குக் கேலி ஒரு பதிலாகுமா, ஐயா? ரஷ்யாவின் கலினின்கிராட் நகரம் எங்களுடையது என்று செக் நாட்டு மக்கள் 2022-இல் செய்த கிண்டலை வைத்து எங்கள் வகுப்பில் விவாதம் நடந்தது. சிரிப்பதால் போன நிலம் திரும்பிவிடுமா என்று பாதிப் பேர் கேட்டார்கள். ஒகேனக்கல், ஓசூர் பற்றி அவ்வப்போது எழும் பேச்சுக்கு நாமும் இப்படிப் பதில் சொல்லலாமா?"

முதல் பாதிக்கு விடை எளிது. சிரிப்பினால் ஒரு காணி நிலம்கூட எங்கும் திரும்பி வந்ததில்லை. பிரச்சாரம் செய்கிறவரின் மனமும் அதனால் மாறுவதில்லை. ஆனால் அந்தப் பிரச்சாரம் உண்மையாகவே இருக்குமோ என்று அரைமனத்தோடு கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாவது மனிதர் ஒருவர் எப்போதும் இருக்கிறார். நல்ல கேலி அவருக்காகச் செய்யப்படுவது. பிரச்சாரம் பயன்படுத்துகிற வாதமுறையை அப்படியே எடுத்து, யாரும் ஏற்க முடியாத ஒரு பொருளின் மேல் பொருத்திக் காட்டினால், வாதத்தின் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை அவர் தாமாகவே கண்டுகொள்கிறார். இதைச் செய்யாத கேலி வெறும் வசவுதான் என்பது என் கருத்து. வசவுக்கும் ஒரு பயன் இருக்கலாம், ஆனால் நீங்கள் கேட்டது அதைப் பற்றியன்று.

தகராறில் உள்ள நிலத்தைப் பற்றிய பிரச்சாரம் பெரும்பாலும் மூன்று கால்களில் நிற்கும். இது முன்னொரு காலத்தில் எங்களுடையது என்பது முதலாவது. அங்கே எங்கள் மக்கள் துன்பப்படுகிறார்கள் என்பது இரண்டாவது. அவர்களே எங்களை அழைத்தார்கள், வேண்டுமானால் வாக்குக் கணக்கைப் பாருங்கள் என்பது மூன்றாவது. உக்ரைனைச் சேர்ந்த கிரிமியாவில் 2014-இல் இந்த மூன்றும் சில வாரங்களுக்குள் வரிசையாக வந்தன. அடையாளச் சின்னம் அணியாத ரஷ்யப் படைவீரர்கள் பிப்ரவரி இறுதியில் தீபகற்பமெங்கும் நின்றார்கள். மார்ச் 16 அன்று வாக்கெடுப்பு நடந்தது. அதற்கு முன் தெருக்களில் வைத்த விளம்பரப் பலகைகளில் கிரிமியாவின் வரைபடம் இரண்டு முறை அச்சிடப்பட்டிருந்தது: இடப்பக்கம் முள்வேலியும் நாஜிகளின் ஸ்வஸ்திகாவும், வலப்பக்கம் ரஷ்யக் கொடி, நடுவில் 'அல்லது' என்ற சொல். வாக்குச்சீட்டிலும் இரண்டே தேர்வுகள் இருந்தன. ரஷ்யாவோடு சேர்வது ஒன்று, கிரிமியாவுக்கு விரிந்த தன்னாட்சி தந்த 1992-ஆம் ஆண்டு அரசமைப்பை மீட்பது மற்றொன்று. இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும் என்று சொல்ல விரும்பியவருக்குக் குறியிட இடமே இல்லை. சேர்வதற்கு ஆதரவாக 96.77 விழுக்காடு என்று அறிவித்தார்கள். ஐக்கிய நாடுகள் பொதுச் சபை அதே மாதம் 27-ஆம் தேதி 100 நாடுகளின் ஆதரவோடு அந்த வாக்கெடுப்பு செல்லாது என்று தீர்மானித்தது. 11 நாடுகள் எதிர்த்தன. ஒதுங்கி நின்ற 58 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 செப்டம்பர் 23 முதல் 27 வரை, டொனெட்ஸ்க், லுகான்ஸ்க், சபோரீஷியா, ஹெர்சோன் ஆகிய நான்கு உக்ரைன் மாகாணங்களில் இதே முறை மீண்டும் கையாளப்பட்டது. ஆயுதம் ஏந்தியவர்கள் துணைக்கு வர, வாக்குப் பெட்டியை வீடு வீடாகக் கொண்டுபோன காட்சிகளை உலகம் பார்த்தது. டொனெட்ஸ்கில் 99.23, ஹெர்சோனில் 87.05 என்று புள்ளிக்குப் பின்னும் இரண்டு இலக்கங்கள் சேர்த்து முடிவுகள் வந்தன. பொய்க் கணக்கு எழுதுகிறவர்கள் தசமப் புள்ளியின் மேல் வைக்கும் நம்பிக்கை தனி ஆராய்ச்சிக்கு உரியது.

செக் மக்களின் கிண்டல் அந்த வாரத்தில்தான் பிறந்தது. கலினின்கிராட், போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் இடையில் தனித்துக் கிடக்கும் ரஷ்யப் பகுதி. 1255-இல் ஜெர்மானியக் கிறித்துவ வீரத்துறவிகளான டியூட்டானிக் வீரர்கள் அங்கே கோட்டை கட்டியபோது, தங்கள் படையெடுப்புக்குத் துணை வந்த பொகேமிய மன்னர் இரண்டாம் ஒட்டகாரைப் பெருமைப்படுத்தும் வகையில் அதற்கு மன்னரின் மலை என்ற பொருளில் கோனிக்ஸ்பெர்க் என்று பெயரிட்டார்கள். பொகேமியா இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதி. பின்னர் கோனிக்ஸ்பெர்க் பல நூற்றாண்டுகள் ஜெர்மானிய நகரமாக இருந்து, 1945-இல் சோவியத் படைகளிடம் வீழ்ந்து, 1946-இல் கலினின்கிராட் ஆயிற்று. போலந்துக்காரர் ஒருவர் செப்டம்பர் இறுதியில் ட்விட்டரில், இந்தப் பகுதியை எங்களுக்கும் செக் நாட்டுக்கும் பங்கு போட்டால் என்ன என்று விளையாட்டாக எழுதினார். செக் மக்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நகரத்துக்குக் கிராலோவெத்ஸ் என்ற செக் பெயரைச் சூட்டினார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் செக் உறுப்பினர் தோமாஷ் ஸ்தெகோவ்ஸ்கியும் விளையாட்டில் சேர்ந்துகொண்டார். அங்கே 'வாக்கெடுப்பு' நடந்ததாகவும், 97.9 விழுக்காட்டினர் செக் நாட்டோடு சேர விரும்பியதாகவும் அறிவிப்பு வந்தது. கடலே இல்லாத நாட்டுக்கு இனிக் கடற்கரை கிடைத்துவிட்டதால் விமானம் தாங்கிக் கப்பல் வேண்டும் என்று சொல்லி, அதற்குத் தங்கள் மறைந்த பாடகர் காரெல் காட்டின் பெயரை வைத்தார்கள். கடலடியில் ஜெர்மனிக்கு எரிவாயு கொண்டுசெல்ல ரஷ்யா அமைத்த நோர்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் அந்த வாரத்தில்தான் வெடித்துச் சிதறியிருந்தன. அதற்குப் பதிலாகச் செக் நாட்டிலிருந்து கிராலோவெத்ஸுக்கு பீர் கொண்டுசெல்லும் குழாயின் வரைபடம் சுற்றில் வந்தது.

இதில் என்னைக் கவர்ந்தது பீர்க் குழாயைவிட ஒட்டகார் மன்னர்தான். அவரைப் பற்றிச் சொன்னது பொய்யே இல்லை. நகரத்தின் பழைய பெயர் மெய்யாகவே அவரைக் குறித்தது; வரலாற்று ஆசிரியர் எவரும் அதை மறுக்க மாட்டார். அப்படியிருந்தும், அதனால் நகரம் செக் நாட்டுக்குச் சொந்தம் என்று கேட்டவுடன் சிரிப்பு வருகிறது. ஒரு வரலாற்றுச் செய்தி முழு உண்மையாக இருந்தாலும் அதிலிருந்து இன்றைய நில உரிமை பிறப்பதில்லை என்பதை நூறு பக்கக் கட்டுரையில் நிறுவலாம். 2021 ஜூலையில் ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் ஒரே மக்கள் என்று புதின் எழுதிய நீண்ட வரலாற்றுக் கட்டுரைக்கு அறிஞர்கள் பலர் அப்படித்தான் பதில் எழுதினார்கள். அந்தக் கட்டுரையில் எந்த ஆண்டு சரி, எந்த மன்னர் தவறு என்று வாதாடத் தொடங்கியவுடனே, மன்னர்களை வைத்து எல்லையை முடிவு செய்யலாம் என்ற அடிப்படையை ஒப்புக்கொண்டவர்களாக ஆகிவிடுகிறோம். செக் மக்கள் அந்த வலையில் விழவில்லை. உங்கள் முறையை ஏற்கிறோம், அப்படியானால் கலினின்கிராட்டைக் கொடுங்கள் என்றார்கள்.

கிரீன்லாந்து அமெரிக்காவுக்கு வேண்டும் என்று டிரம்ப் சொன்னபோது, டென்மார்க்கில் 2025 தொடக்கத்தில், கலிபோர்னியாவை விலைக்கு வாங்கலாம் என்று ஒரு வேடிக்கை மனு தொடங்கப்பட்டு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைப் பெற்றது. டிஸ்னிலாந்துக்குத் தங்கள் கதைசொல்லி ஆண்டர்சனின் பெயரை வைப்பதாகவும் வாக்களித்தார்கள். அதுவும் இதே இனம்தான். ஆனால் அங்கே எதிர்ப்பக்க வாதத்தில் வரலாறு அதிகம் இல்லை, பணமும் பாதுகாப்பும்தான் இருந்தன. ஆகவே கேலியும் அந்த அளவுக்கு மேலோட்டமாகவே நின்றது.

பிராகிலும் கோபன்ஹேகனிலும் உட்கார்ந்து சிரிக்கிறவருக்கு யாரும் கைவிலங்கு மாட்டப்போவதில்லை. தகராறான நிலத்துக்குள்ளேயே இருக்கிறவர் சிரித்தால் என்ன நடக்கும் என்பதற்கு நான் வகுப்புகளில் எப்போதும் சொல்லும் உதாரணம் அல்சாஸ். பிரான்ஸ் 1871-இல் ஜெர்மனியிடம் இழந்த பகுதி அது. அங்கே சாபர்ன் என்ற சிறிய பட்டாளத்து ஊரில் 1913 அக்டோபர் இறுதியில், இருபது வயது லெப்டினன்ட் ஃபார்ஸ்ட்னர், உள்ளூர் மக்களை இழிவாகக் குறிக்கும் சொல்லைப் பயன்படுத்தி, அவர்களில் ஒருவனைக் குத்தினால் பத்து மார்க் தருகிறேன் என்ற பொருளில் புதுச் சிப்பாய்களிடம் பேசினார். செய்தி உள்ளூர்ப் பத்திரிகைகளில் வந்தது. ஊரார் கல்லெடுக்கவில்லை, சிரிக்கத் தொடங்கினார்கள். அவர் தெருவில் நடந்தால் சிறுவர்கள் பின்னாலேயே பட்டப்பெயர் சொல்லிக் கூவிக்கொண்டு போனார்கள். படுக்கையை அசுத்தப்படுத்தியவர் என்பதுதான் அந்தப் பட்டப்பெயரின் நாகரிகமான பொருள். பாதுகாப்புக்காகத் துப்பாக்கி முனையில் கத்தி செருகிய நான்கு சிப்பாய்களை உடன் அழைத்துக்கொண்டு அவர் கடைக்குச் சாக்லேட் வாங்கப் போனபோது, கேலியை ஊரார் புதிதாகச் சிந்திக்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

பேரரசின் பட்டாளம் அந்தச் சிரிப்பைக் கலகமாக எடுத்துக்கொண்டது. நவம்பர் 28 அன்று கர்னல் ராய்ட்டர் சதுக்கத்தில் கூடியவர்களைத் துருப்புகளைக் கொண்டு விரட்டி, கையில் அகப்பட்டவர்களைப் பிடித்து, பட்டாளக் கட்டடத்தின் நிலவறையில் இரவு முழுவதும் அடைத்து வைத்தார். நீதிமன்றத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த நீதித்துறை அலுவலர்களும் அந்தப் பிடியில் சிக்கினார்கள். சிவில் அதிகாரிகளைக் கேட்காமல் பட்டாளம் தானாகவே இதைச் செய்தது சட்டத்துக்குப் புறம்பானது. டிசம்பர் 4 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம் 293-க்கு 54 என்ற வாக்குகளில் தலைமை அமைச்சரைக் கண்டித்தது. அவர் பதவி விலகவில்லை; கர்னலை 1914 ஜனவரியில் இராணுவ நீதிமன்றம் விடுவித்துவிட்டது. ஆனாலும், அல்சாஸ் மக்கள் மகிழ்ச்சியோடு ஜெர்மானியர்களாக வாழ்கிறார்கள் என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்ததை அதற்குப் பிறகு பெர்லினிலேயே நம்புவது கடினமாயிற்று. சிறுவர்களின் கேலி மட்டுமே இதைச் செய்திருக்காது. கேலிக்கு அரசு கொடுத்த பதில்தான் செய்தது. பிரச்சாரத்தின் மேல் உண்மையாகவே நம்பிக்கை உள்ள அரசு ஒரு பட்டப்பெயருக்காக ஊரைச் சிறைபிடிக்காது.

அதே அல்சாஸில், கோல்மார் நகரத்தில், ஹான்சி என்ற புனைபெயரில் வரைந்த ழான் ழாக் வால்ட்ஸ் என்பவர் இருந்தார். கனத்த கம்பளிச் சட்டையும் இறகு செருகிய தொப்பியுமாக வந்து எல்லாவற்றையும் ஜெர்மானிய மேன்மையாக விளக்கும் பேராசிரியர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் வரைந்து தள்ளினார். 1914 ஜூலையில் லைப்சிக் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஓராண்டுச் சிறை விதித்தது. அவர் தப்பிப் பிரான்சுக்குப் போய்விட்டார். கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும். போர் தொடங்கியதும் அவர் பிரெஞ்சுப் படையின் பிரச்சாரப் பிரிவில் சேர்ந்து, எதிரிகளின் எல்லைக்குள் போடும் துண்டறிக்கைகள் தயாரித்தார். அவர் வரைந்த அல்சாஸ் கிராமம் வாத்துகளும் குழந்தைகளும் நிறைந்த, முழுக்க முழுக்கப் பிரெஞ்சு மனம் கொண்ட கிராமம். ஜெர்மன் பேசி, ஜெர்மானியரை மணந்து, இரண்டுக்கும் நடுவில் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் படத்தில் இடமில்லை. 1918-இல் பிரான்ஸ் திரும்பி வந்தபோது, பெற்றோர் எந்த நாட்டவர் என்பதை வைத்து மக்களை ஏ, பி, சி, டி என்று நான்கு வகை அடையாள அட்டைகளாகப் பிரித்தது. ஜெர்மானியர்கள் பெருந்தொகையாக வெளியேற்றப்பட்டார்கள். அட்டைகளுக்கு ஹான்சி பொறுப்பல்லர். ஆனால் ஒரு பக்கத்தின் பிரச்சாரத்தைக் கிழித்த கையே மறுபக்கத்தின் பிரச்சாரத்தைத் தைத்தது என்பதைச் சொல்லாமல் அவரைப் புகழ முடியாது.

இரு தரப்பும் கேலியைக் கூலிக்கு அமர்த்திய இடம் மேல் சிலேசியா. ஜெர்மனிக்கா, போலந்துக்கா என்று 1921 மார்ச் 20 அன்று அங்கே வாக்கெடுப்பு நடந்தது. போலந்துத் தரப்பில் ஓவியர் ஸ்தானிஸ்லாவ் லிகோன் நடத்திய 'கொசிண்டர்' என்ற அங்கத இதழ் இருந்தது. ஜெர்மன் தரப்பில் 'பியரோன்' இருந்தது. போலந்துத் தலைவர் கோர்ஃபாந்தி ஏழை வாக்காளர்களுக்குப் பசு மாடு தருவதாக வாக்களித்தார் என்பதும், ஜெர்மானியர்கள் அந்த மாட்டை விடாமல் கேலிச்சித்திரமாக்கினார்கள் என்பதும் நம் ஊர்த் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. சுமார் 60 விழுக்காட்டினர் ஜெர்மனிக்கு வாக்களித்தார்கள். பிறகு எழுச்சியும் மோதலும் நடந்து, நிலம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மாடு வாக்குறுதியாக இருந்தது, பின்பு கேலியாக ஆயிற்று, வாக்காளர் கொட்டிலுக்கு மட்டும் வரவில்லை.

அரசே கேலி செய்யத் தொடங்கினால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்ற கேள்வி இன்றும் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 9 அன்று கிரிமியாவின் சாக்கி விமானத்தளத்தில் பெரும் வெடிப்புகள் நடந்தன. தாக்குதல் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் வெடிமருந்து தானாக வெடித்தது என்றது. அனுமதியில்லாத இடங்களில் புகை பிடிக்க வேண்டாம் என்று உக்ரைன் பாதுகாப்பு அமைச்சகம் நினைவூட்டியது. கிரிமியாவுக்கு விடுமுறைக்கு வந்து, கடற்கரையிலிருந்து புகைமண்டலத்தைப் பார்த்து ஓடிய ரஷ்யச் சுற்றுலாப் பயணிகளைக் கேலி செய்து காணொளியும் வெளியிட்டது. சொல்லப்போனால் நல்ல கிண்டல்தான், நானும் சிரித்தேன். ஆனால் அது போரில் இருக்கும் ஓர் அரசின் தகவல் பிரிவு செய்த வேலை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில், ரஷ்யக் கட்டுப்பாட்டிலுள்ள கிரிமியாவின் பக்சிசராய் நகரத்தில், ஒரு திருமண விருந்தில் உக்ரைன் பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டதற்காகப் பலர் தண்டிக்கப்பட்டார்கள். கீவிலிருந்து எழும் கிண்டலுக்கும் பக்சிசராயில் எழும் பாட்டுக்கும் விலை ஒன்றன்று. உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் வாய்விட்டுக் கேலிகூடச் செய்யவில்லை. ஹெர்சோனில் ரஷ்ய ஆக்கிரமிப்பை எதிர்த்த 'மஞ்சள் நாடா' இயக்கத்தினர் இரவில் மரங்களில் நாடா கட்டிவிட்டுப் போனார்கள். அந்த நகரத்தில் 'ரஷ்யா இங்கே என்றென்றும் இருக்கும்' என்று பலகைகள் வைத்திருந்தார்கள். இணைப்பு ஒப்பந்தம் செப்டம்பர் 30; ரஷ்யப் படை நகரத்தை விட்டுப் போய் உக்ரைன் படை நுழைந்தது நவம்பர் 11. அந்தப் பலகைகளுக்குக் கேலிச் சொல் எதையும் யாரும் எழுத வேண்டியிருக்கவில்லை.

கேலி தன் சொந்தத் தலைவர்களை நோக்கித் திரும்பும்போதுதான் அதற்கு நம்பகத்தன்மை கூடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தென்சீனக் கடலில் சீனா வரைந்த ஒன்பது கோடு எல்லைக்குள் வரலாற்று உரிமை கோருவதற்குச் சட்ட ஆதாரமில்லை என்று ஹேக் நகரில் நடுவர் தீர்ப்பாயம் 2016 ஜூலை 12 அன்று தீர்ப்பளித்தது. வென்ற பிலிப்பைன்ஸின் அதிபர் துதெர்தே அந்தத் தீர்ப்பை ஓரமாக வைத்துவிட்டார். 2018 பிப்ரவரியில் சீன வம்சாவளிப் பிலிப்பைன்ஸ் வணிகர்கள் முன் பேசும்போது, வேண்டுமானால் எங்களையும் ஃபூஜியன்போல ஒரு மாகாணமாக்கிக்கொள்ளுங்கள் என்று வேடிக்கையாகச் சொல்லியும்விட்டார். தீர்ப்பின் இரண்டாம் ஆண்டு நாளன்று, மணிலாவின் நடைமேம்பாலங்களில் 'சீனாவின் மாகாணமான பிலிப்பைன்ஸுக்கு நல்வரவு' என்று சிவப்புப் பதாகைகள் தொங்கின. யார் கட்டினார்கள் என்று தெரியவில்லை. அரசு அவற்றை அகற்றியது. அதிபரின் வேடிக்கையை அதிபரிடமே நேர்ப்பொருளில் திருப்பிக் கொடுத்த அந்த ஒற்றை வரியில் சீன மக்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் மண்ணில் இதற்கு எடுத்துக்காட்டு தேடினால் மிகப் பழையது ஒன்று தர்மபுரியிலேயே இருக்கிறது. அன்று தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாரைத் தொண்டைமானிடம் தூது அனுப்பினார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினார்; இன்றைய அரசுகள் நடத்தும் ஆயுத அணிவகுப்பைப் போன்றதுதான் அது. ஔவையாரின் மறுமொழி புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. 'இவ்வே, பீலி அணிந்து, மாலை சூட்டி' என்று தொடங்கி, இங்குள்ள ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன என்று வியக்கிறார். எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று முடிக்கிறார். தொண்டைமான் காட்டியதில் எதையும் அவர் மறுக்கவில்லை. காட்டியதையே கண்ணால் கண்டபடி வருணித்தார், அவ்வளவுதான். அதே நேரம் ஔவையார் அதியமானின் தூதர், அவர் பாட்டும் ஒரு தரப்பின் குரலே. தூதருக்குரிய பாதுகாப்பும் அவருக்கு இருந்தது. தகடூரும் பின்னொரு நாள் சேரமன்னர் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் வீழ்ந்தது. 'தகடூர் எறிந்த' என்று அவர் பெயருக்கு முன்னால் அடைமொழியே சேர்ந்துவிட்டது. பாட்டு இருக்கிறது, கோட்டை இல்லை.

இப்போது ஒகேனக்கல். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டது. 2008-இல் கர்நாடகச் சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய வேளையில் ஒகேனக்கல்லே கர்நாடகத்துக்கு உரியது என்ற குரல் அங்கே ஓங்கியது. பெங்களூரில் தமிழ்ப் படங்கள் ஓடிய அரங்குகள் தாக்கப்பட்டன; சென்னையில் திரைத்துறையினர் உண்ணாவிரதம் இருந்தார்கள்; முதல்வர் கருணாநிதி ஏப்ரல் 5 அன்று, கர்நாடகத்தில் புதிய அரசு அமையும் வரை திட்டத்தை ஒத்திவைப்பதாக அறிவித்தார். அந்த நாள்களில் நம் பக்கத்தில் எழுந்த கேலியை நினைத்துப் பார்த்தால் எனக்குப் பெருமை வரவில்லை. கன்னடரின் பேச்சையும் சாப்பாட்டையும் கிண்டல் செய்ததே மிகுதி. தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் ஓசூரிலும் கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழியாகப் பேசும் நம் மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். அந்தக் கிண்டல் பெங்களூர் அரசியல்வாதியைத் தொடவில்லை, பக்கத்து வீட்டுக்காரரைத்தான் தொட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓசூரை அடுத்த அத்திப்பள்ளி எல்லையில் கன்னட அமைப்புத் தலைவர் வாட்டாள் நாகராஜ் நடத்தும் போராட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். எருமை, கழுதை, காலிக்குடம் என்று அவர் எப்போதும் ஒரு வேடிக்கையோடுதான் வருவார். தானே வேடிக்கையாக இருக்கும் பிரச்சாரத்தைக் கேலி செய்வது மிகக் கடினம். நாம் அவரை நையாண்டி செய்து ஒரு படம் போட்டால், அவர் விரும்பிய விளம்பரத்தைச் செலவில்லாமல் செய்து கொடுத்தவர்கள் ஆவோம்.

அப்படியானால் கிராலோவெத்ஸ் வழியில் என்ன செய்யலாம் என்று யோசித்துப் பார்த்தேன். ஜெகதேவி, கிருஷ்ணகிரிப் பகுதியை ஆண்ட ஜெகதேவராயரின் மரபு பின்னர் கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலிருந்து ஆண்டது. இது வரலாறு. ஆகவே சென்னபட்டணத்து மரப்பொம்மைகள் அனைத்தும் கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று ஒரு மனு எழுதலாம். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலில் நின்றபடியே போய்வரும் நம் மக்களின் துயர் துடைக்க எலக்ட்ரானிக் சிட்டி வரையிலான சாலையை மீட்க வேண்டும் என்று இரண்டாவது கோரிக்கை வைக்கலாம். மாந்தோப்புகளில் நடந்த வாக்கெடுப்பில் மல்கோவாக்கள் 97.9 விழுக்காடு ஆதரித்தன, பெங்களூரா மாம்பழம் மட்டும் வாக்களிக்க மறுத்தது என்று முடிக்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் நம் பகுதி அடங்கிய பாராமகாலை ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தார் என்பதால், இந்த முறையில் வாதாடினால் நம் மாவட்டங்களைக் கேட்டு மைசூரும் வரலாம், லண்டனும் வரலாம். மனுவிலேயே அதையும் எழுதிவிடுவது நல்லது; நம்மையும் சேர்த்துச் சிரிக்காத மனுவை எதிர்ப்பக்கத்து வாசகர் படிக்க மாட்டார்.

ஆனால் எந்த நாளிலும் இதை வெளியிடலாம் என்று சொல்ல மாட்டேன். பேருந்துகள் எரியும் வாரத்தில், பொம்மையையும் மாம்பழத்தையும் வெட்டிவிட்டு எலக்ட்ரானிக் சிட்டி வரைபடத்தை மட்டும் யாராவது கைபேசியில் அனுப்பினால், அது தமிழ்நாட்டின் உண்மையான கோரிக்கையாகவே பெங்களூரில் படிக்கப்படும். அடி வாங்குகிறவர் அங்கே கூலி வேலை செய்யும் தர்மபுரிக்காரராக இருப்பார். செக் நாட்டுக்கும் கலினின்கிராட்டுக்கும் இடையில் போலந்து இருந்தது. நமக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையில் ஒரு சுங்கச்சாவடிதான் இருக்கிறது.

என் தேர்வு வேறு. ஒகேனக்கல் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் கட்டம் பற்றி 2022-இல் பேச்சு எழுந்தபோது கர்நாடகத்திலிருந்து மறுபடியும் எதிர்ப்பு வந்தது. எந்தெந்த மாதத்தில் எந்தெந்தத் தலைவருக்கு, இரு மாநிலங்களிலும், எல்லையின் மேல் திடீரென்று பாசம் பிறந்தது, அது எந்தத் தேர்தல் முடிவு அறிவித்த நாளில் தணிந்தது என்பதைப் பழைய செய்தித்தாள்களிலிருந்து திரட்டி, திதி, நட்சத்திரம், இராகுகாலம் சேர்த்து ஒரு பஞ்சாங்கமாகப் போடுங்கள். அதற்குக் கன்னடத்தில் ஒரு பக்கமும் தமிழில் ஒரு பக்கமும் வேண்டும். உங்கள் வகுப்பில் ஓசூர்ப் பக்கத்துக் கன்னட வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள்; கன்னடப் பக்கத்தை அவர்களை எழுதச் சொல்லுங்கள், எது சிரிப்பு வரவழைக்கிறது, எது புண்படுத்துகிறது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.